‘ஆர்?’ ‘நான் அவா!’: தூபொரோன் கடற்கரைப் புகாரில் ஒரு படம்

டேனிஷ் நாட்டின் மேற்கு யூலண்டில் காற்றையும் மணலையும் தவிர என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் புகாருக்காகப் போனோம். (இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களே, புகார் என்றால் எங்களுக்கு முறைப்பாடு இல்லை, மூடுபனி.) மற்றவர்கள் வெயில் வருமா என்று பார்த்து விடுமுறை போடுவார்கள். நாங்கள் வானிலை அறிக்கையில் கடற்புகார் என்று வரும்வரைக்கும் காத்துக் கிடந்து, மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வெளிக்கிட்டோம். எல்லாம் அவாவால் வந்த வினை.

அவா என்பது ஒரு பெண்ணின் பெயர். யாழ்ப்பாணத்து ஆட்கள் இந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். ஒரு பெண்ணை மரியாதையாகச் சுட்ட நாங்கள் சொல்லும் ‘அவா’வும் இவளுடைய பெயரும் காதுக்கு ஒன்றுதான். தாய் தகப்பன் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்து வளர்ந்தது இந்த நாட்டில்தான்; என்னைப் போலவே அல்பர்ட்ஸ்லுண்டில் குடியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். அங்கே தமிழர்கள் ஐந்து பேர் இருப்பதால் அவளுக்குக் கொஞ்சம் தமிழும் வரும். முதல் நாளே நாங்கள் எல்லோரும் எல்லாப் பெண்களையும் அவா, அவா என்று கதைப்பதைக் கேட்டு, தன்னைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பொரிந்து தள்ளுகிறோம் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தவள். அப்படித்தான் சிநேகிதம் ஆனது.

அவளைப் பார்த்தால் ஒருதரம் திரும்பிப் பார்ப்பீர்கள். ஒட்ட வெட்டிய தலைமயிருக்குப் பாசிப் பச்சைச் சாயம். நாடக மண்டபம் ஒன்று கழித்துவிட்ட கறுப்பு வெல்வெற் திரையை வாங்கித் தானே தைத்த, கணுக்கால் வரை விழும் கோட். மதியச் சாப்பாட்டைச் கல்லறைத் தோட்டத்து மரத்தடியில் இருந்து சாப்பிடுவாள். பேய்க்கதை என்றால் உயிர். ஆட்டம் மட்டும் ஒரு சொட்டும் வராது. ஆனால் டிசம்பரில் வரும் ஒவ்வொரு நத்தார் விருந்திலும் யாராவது ஒருவர் வந்து, “வா, நீதான் எங்களுக்கு ஆடிக் காட்ட வேணும்” என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். என்னைக் கண்டவுடன் யோகாசனம் பற்றிக் கேட்பார்களே, அதே கதை.

அவள் நல்ல படப்பிடிப்பாளர். மூன்று வருடமாக இந்த நாட்டிலுள்ள கறுப்பின மக்களைப் படம் எடுக்கிறாள். ஒரே ஒரு விதி: எந்த இடம், எந்த உடுப்பு, முகத்தை எப்படி வைத்திருப்பது என்பதைப் படத்தில் நிற்பவரே தீர்மானிக்க வேண்டும். தேனீ வளர்க்கிறவர் ஒருவர், தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவர் ஒருவர், பூத்தையலில் ஊறிப்போன ஒரு லொறிச் சாரதி. ஒருவர் ஊஞ்சல் வலையில் படுத்து நித்திரை கொள்கிறார், அவ்வளவுதான். “எல்லாரும் என்னை உழைக்கச் சொல்லுறாங்கள், இல்லாட்டி ஓடச் சொல்லுறாங்கள். நான் படுக்கிறன், நீ எடு” என்றாராம். எனக்குப் பிடித்த படம் அது.

பன்னிரண்டாவது படம் அவளுடையதுதான். இந்தப் பன்னிரண்டுக்கும் கண்காட்சி வைக்கும் மண்டபத்தின் பொறுப்பாளர் அந்தப் படத்தைச் சுவரொட்டிக்குக் கேட்டிருந்தார். கேட்டதோடு நின்றாரா? ‘கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும், நிறமான துணி, ஒரு மேளம், உங்கள் அழகான சிரிப்பு’ என்று எழுதியிருந்தார். அவாவிடம் மேளம் கிடையாது. வீட்டில் இருக்கும் ஒரே வாத்தியம் பழைய பள்ளிக்கூடப் புல்லாங்குழல்.

“இந்த நாட்டில எந்தப் பழைய மாளிகைக்குப் போனாலும் ஒரு வெள்ளைச் சீமாட்டி பேயா உலாவுறா. கறுப்புப் பேய் ஒண்டு இருக்கே? சிரிக்கவும் ஆடவும் மட்டும்தான் எங்களுக்கு அனுமதி. ஒருத்தரைத் திடுக்கிட வைக்க, ஒரு மர்மமா நிக்க, எனக்கு உரிமை இல்லையோ?” என்றாள். (நாங்கள் கதைப்பது டேனிஷில். எழுதும்போது என் கைக்கு எங்கள் தமிழாகத்தான் வருகிறது.) ஆகவே கடலோரத்தில் கிடக்கும் போர்க்காலப் பங்கர்களுக்கு (பதுங்குகுழிகளுக்கு) மேல், புகாருக்குள், வெள்ளை உடுப்பில், பேயாக நிற்பது என்று முடிவு. படம் திங்கட்கிழமை அனுப்பப்பட வேண்டும். இல்லாவிட்டால் அவள் சேர்த்து வைத்த பன்னிரண்டில் அவள் மட்டும் இல்லை.

இரவு தங்க ஹொல்ஸ்டெப்ரோவில் குணம் அண்ணை இருக்கிறார். என் பெரியம்மாவின் மகன், இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். போன மாரிக் குளிரில் மனைவியை இழந்தவர். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்னேன்.

“அண்ணை, நாளைக்கு அவாவும் நானும் வாறம். ஒரு இரவு நிப்பம்.”

அந்தப் பக்கம் கதிரை ஒன்று இழுபட்டது.

“அவா வாறாவோ?”

“ஓம் அண்ணை. அவாக்குக் கடல் பாக்க வேணுமாம்.”

“அவாக்குக் கடலெண்டாப் பயமெல்லே.”

இவருக்கு எப்படி இவளைத் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன்தான். ஆனால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. “இப்ப பயமில்லையாம் அண்ணை” என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும்.

சனி பின்னேரம் கிளம்பினோம். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ஹொல்ஸ்டெப்ரோ முன்னூற்றிருபது கிலோமீற்றர் அளவு. நிற்காமல் ஓடினால் மூன்றரை மணித்தியாலம், என்னைப் போல தேநீருக்கு இறங்கினால் ஐந்து. பெரிய பாலத்தைத் தாண்ட ஒரு வழிக்கு இருநூற்றெழுபது குரோனர் அளவில் போய்விடும். பாலத்தில் நல்ல வெயில். வைலவைத் தாண்டிய பிறகும் வெயில். ஹெர்னிங்குக்கு அப்பால் வானம் பால் கலங்கியது போல வெளுத்தது. ஹொல்ஸ்டெப்ரோவின் முதல் வட்டச்சந்தி வந்தபோது தெருவிளக்குக்குக் கால்கள் இருக்கவில்லை; வெளிச்சம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அவாவுக்கோ ஒரே சந்தோசப் புளுகம். கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டி, “உப்பு மணக்குது” என்றாள். கடல் அங்கிருந்து நாற்பது கிலோமீற்றர் தூரம்.

குணம் அண்ணையின் தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. புகாருக்குள் எது யாருடையது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் மட்டும் எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்தது. நான் பையை இறக்கிக்கொண்டிருக்க, அவா முன்னுக்குப் போய் மணியை அடித்துவிட்டாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆர்?”

அவளுக்குத் தெரிந்த தமிழில், சந்தோசமாக, தெளிவாகச் சொன்னாள். “நான் அவா!”

கதவு திறக்கவில்லை. நான் பையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவுக்கு மறுபக்கம் ஒருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திறாங்கு இழுபடுவதும், பிறகு திரும்பப் பூட்டுவதும், பிறகு மெல்ல இழுபடுவதும் கேட்டன.

குணம் அண்ணை இஸ்திரி போட்டு மினுக்கிய சேட்டுப் போட்டு, திருநீறு பூசி நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. அவாவை அடியிலிருந்து முடிவரை பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் புகாரையும் பார்த்தார். வேறு யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான், “வாங்கோ பிள்ளையள், உள்ளுக்க வாங்கோ” என்றார். வாசலில் ஒரு சோடி பெண்கள் செருப்பு, கழுவித் துடைத்து, உள்ளே வருகிறவர் கால் போட வசதியாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவா எதுவும் தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அளவாக இருந்தது.

மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை. இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. எதிலும் ஒரு பொட்டு உறைப்பு இல்லை. அவா என் காதில், “என்ன இது, தமிழ் வீட்டில நோயாளிச் சாப்பாடு?” என்று குறைபட்டாள். நான் அண்ணையிடம் பச்சை மிளகாய் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அவாக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது” என்றார்.

“ஆர் அண்ணை சொன்னது? அவா பச்சை மிளகாயைக் கடிச்சுத் தின்னுற ஆள்...”

சொல்லி முடிக்கவில்லை, எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டது. குணம் அண்ணையின் வாயில் முப்பத்தைந்து வருடமாக ‘அவா’ என்றால் ஒரே ஓர் ஆள்தான். எங்கள் ஆண்கள் மனைவியின் பேரைச் சொல்ல மாட்டார்களே. அவா கடைக்குப் போட்டா, அவா படுத்திட்டா, அவாவைக் கேட்டுச் சொல்லுறன். செத்தவீட்டில்கூட அண்ணை, “அவா போட்டா” என்றுதான் அழுதார். அந்த மனிதரிடம் நான் போன் எடுத்து, அவா வருகிறா, கடல் பார்க்க வேணுமாம், இப்போது பயமில்லையாம் என்று சொல்லியிருக்கிறேன். சிவசிவா!

அண்ணை போய் மிளகாய் எடுத்து வந்து அவாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் நறுக்கென்று கடித்தாள். அந்தச் சத்தத்துக்கு அவர் கண்ணை மூடினார்.

காலையில் நான் எழும்பும்போது அவா ஏற்கெனவே கோட்டுப் போட்டுக் கட்டிலில் இருந்தாள். விடியும் வரையும் நித்திரை இல்லையாம். “கதவுக்கு வெளியால ஒரு ஆள் நடந்து நடந்து என்ரை பேரைச் சொல்லிக் கதைச்சவர். கோபமா இல்லை. ஆரோ பதில் சொல்லுறாப் போல இடைக்கிடை நிப்பாட்டி நிப்பாட்டி.” இனி ஒளிக்க முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. “மண்டபத்துக்கு நான் மேளம். விருந்துக்கு நான் ஆட்டம். உங்கட அண்ணைக்கு நான் செத்துப்போன மனிசி. நான் எப்ப நானா இருக்கிறது?” என்றாள். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தாள். எட்டு வருடத்தில் அவள் அழுது நான் கண்டதில்லை. “எனக்குப் படம் வேண்டாம். வீட்டை போவம்.”

மூன்று வருட வேலை என் ஒரு தொலைபேசி அழைப்பால் கவிழப் போகிறது. அப்போது கதவடியில் அண்ணை தேநீர்த் தட்டோடு நிற்கிறார். தொழிற்சாலை டேனிஷ் அவருக்கு நன்றாக விளங்கும். தட்டை வைத்துவிட்டு அவாவுக்கு நேரே நின்று, டேனிஷிலும் தமிழிலுமாகச் சொன்னார்.

“பிள்ளை, இவள் போனில சொல்லேக்கையே ஏதோ பிழை எண்டு எனக்குத் தெரியும். எனக்கு விசர் இல்லை. ஆனா திருப்பிக் கேட்டா, பிழை எண்டு சொல்லிப்போடுவாள். அதாலதான் கேக்கேல்லை. ஒரு நாள் முழுக்க வீடு கூட்டினன், சமைச்சன். அது என்ரை ஆசை. உம்மட தலையில கட்டினது பிழைதான்.”

பிறகு கொஞ்சம் தொண்டையைச் செருமினார். புதுச் சொல் பழகுகிறவர் போல வாயை ஒருதரம் அசைத்துப் பார்த்தார்.

“என்ரை மனிசியின்ரை பேர் புவனேஸ்வரி. புவனா. அவா எண்டது உம்முடைய பேர். அது உமக்குத்தான்.”

அவர் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். அவா தேநீரை எடுத்து, “புவனாவுக்கு ஏன் கடல் பயம்?” என்று கேட்டாள். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறக் கிளாலிக் கடலைப் படகில் கடந்ததிலிருந்து என்றார். அவ்வளவுதான் கதை. கோப்பை கழுவும்போது அவரே, “கடலுக்கு நான் கார் ஓடுறன், இந்தப் புகாருக்க வதனி ஓடினா மூண்டு பேரும் குளத்துக்கதான்” என்றார். வதனி நான்தான், என் ஓட்டத்தைப் பற்றி எங்கள் சொந்தத்துக்குள் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து லெம்வி வழியாகத் தூபொரோன் அறுபது கிலோமீற்றர் இருக்கும், சாதாரணமாக ஒரு மணித்தியாலம். கார் இல்லாதவர்கள் வெம்ப் என்ற இடத்தில் மாறி, கடலோரம் போகும் குட்டி ரயிலைப் பிடிக்கலாம். துறைமுகத்தைத் தாண்டி மணல்மேட்டு ஓரத்தில் காரை நிறுத்தினால் காசு இல்லை. அங்கிருந்து பத்து நிமிட நடை. அண்ணை இறங்கவில்லை. “பங்கருக்குக் கிட்ட நான் வரமாட்டன். ஊரில குண்டுக்குப் பயந்து அதுக்குள்ள இருந்தது காணும்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியர் கட்டிய கொங்கிறீற் பங்கர்கள் அவை. மணல் அரித்து, பல சரிந்து, சில கடலுக்குள்ளேயே இறங்கிக் கிடக்கின்றன. புகாருக்குள் அவை ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒன்றும் இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு சுவர், அதில் கறுத்த வாய் போல ஒரு துவாரம், உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தால் வந்த வழி இல்லை. அலை எந்தப் பக்கம் என்று காதால் பிடிக்க முடியவில்லை. எல்லாப் பக்கமும் அலைதான். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க நான் வாய் ஓயாமல் அலட்டிக்கொண்டிருந்தேன்.

அவா வெள்ளை உடுப்புக்கு மாறி, கடலோரத்துப் பங்கர் ஒன்றில் ஏறினாள். கமராவைக் கீழே கடல் பக்கத்தில் முக்காலியில் பூட்டிவிட்டிருந்தாள்; நான் அதைப் பிடித்துக்கொள்ள, மேலே நின்று கையிலிருந்த கம்பியில்லாச் சின்னப் பொத்தானை அமத்தினாள். நாயோடு ஒரு கிழவர் புகாருக்குள்ளிருந்து வந்தார். பங்கருக்கு மேல் வெள்ளை உடுப்பில், பாசிப் பச்சைத் தலையோடு ஒரு கறுப்புப் பெண் அசையாமல் நிற்கிறாள். அவர் தொப்பியைத் தொட்டு, “கொஞ்சம் புகாராக் கிடக்கு” என்றார். “ஓம், கொஞ்சம்” என்றாள் அவா. போய்விட்டார். மேற்கு யூலண்டு ஆட்களை அசைக்கப் பேயாலும் ஏலாது.

படங்களைத் திரையில் பார்த்தாள். வெள்ளை உடுப்பு புகாரோடு கரைந்து, முகமும் கையும் மட்டும் மிதந்தன. எனக்கென்றால் முதுகு சில்லிட்டது, பிரமாதம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். “இது அந்த வெள்ளைச் சீமாட்டியின்ரை உடுப்பு. நான் அவவுக்கு வேலைக்கு நிக்கிறன். நேற்று இரவு முழுக்கப் பேயா இருந்திட்டன், போதும்.” உடுப்பைச் சுருட்டி என் பைக்குள் திணித்தாள். தன் கறுப்பு வெல்வெற் கோட்டைப் போட்டாள், காதில் தன் பழைய வெள்ளி வளையங்களை மாட்டினாள், திரும்ப ஏறினாள். இந்த முறை கரையவில்லை. அவ்வளவு வெளிறிய உலகத்தில் அவள் ஒருத்திதான் முழுதாக இருந்தாள். என்ன வடிவு என்று எனக்குக் கண் கலங்கியது. சிரிக்கவில்லை, மிரட்டவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் காட்டவில்லை. மணல்மேட்டைப் பார்த்து, கடலுக்கும் கமராவுக்கும் முதுகு காட்டி நின்றாள்.

அப்போதுதான் யாரோ கூப்பிடுவது கேட்டது.

“அவா!”

அண்ணையின் குரல், மணல்மேட்டுப் பக்கத்திலிருந்து. நாங்கள் நேரமாகியும் வராததால் இறங்கி வந்திருக்கிறார். அவா அசையவில்லை, கேட்கவில்லைப் போலும். கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தரம் கேட்டது, மெல்ல, மிகக் கிட்ட.

“அவா.”

அதற்குத்தான் அவள் திரும்பினாள். திரும்பும்போது விரல் தானாகப் பொத்தானில் அமர்ந்தது. அந்த இரண்டாம் குரல் கடல் பக்கத்திலிருந்து வந்தது. நான் சத்தியமாகக் கேட்டேன்.

காருக்கு வந்தபோது அண்ணை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயந்துபோனாராம். ஏன் இரண்டு தரம் கூப்பிட்டீர்கள் என்று அவா கேட்டாள். “நான் ஒருக்காத்தானே கூப்பிட்டனான்” என்றார். பங்கர்ச் சுவரில் பட்டு எதிரொலித்திருக்கும் என்று நான் உடனே சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஏப்ரல், மே மாதங்களில் கடற்புகார் அதிகம், மத்தியானத்தில் திடீரென்று கலையும், அதே வேகத்தில் திரும்ப வரும். ரப்பர் சப்பாத்துப் போடுங்கள். பங்கருக்குள் நுழைவதானால் கைவிளக்கு வேண்டும், தரை முழுக்கத் தண்ணீர். தூபொரோன் துறைமுகத்தில் பொரித்த மீன் நல்லாயிருக்கும், மிளகாய்த்தூள் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தனியாகப் போகாதீர்கள். கூடப் போகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவா, இவா என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. முக்கியமாக, வேறொருவருடைய சிரிப்பையோ ஆட்டத்தையோ எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். அவர் என்னவாக நிற்க விரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டு நில்லுங்கள், அது போதும்.

அவா அந்தத் திரும்பிய படத்தைத் திங்களன்று அனுப்பினாள். ‘இது, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை’ என்று எழுதினாள். சுவரொட்டியில் ஊஞ்சல் வலையில் நித்திரை கொள்கிறவர்தான் வந்தார், அதில் அவளுக்குச் சந்தோசம். அவளுடைய படம் மண்டபத்துக் கடைசிச் சுவரில், ஆளுயரத்தில் தொங்கியது. கீழே பேர் மட்டும்.

கண்காட்சித் திறப்புக்குக் குணம் அண்ணை ரயிலேறி வந்திருந்தார், கோட்டுச் சூட்டோடு. படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு டேனிஷ் பெண், இது யார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். “தெரியும். இது அவா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“புவனா இதைப் பாத்திருந்தா முதல்ல பயந்திருப்பா. பிறகு, அந்தக் கோட்டுத் துணி எங்க வாங்கினது எண்டு கேட்டிருப்பா.”